முருங்கைக்கீரை உருவுற நேரத்தில் பிள்ளைக்குப் பேச்சு வரும்

ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் பிள்ளை காலைச் சுற்றாமல் இருக்கட்டும் என்று கையில் போனைக் கொடுத்துவிடுவதுதான் இப்போது பல வீடுகளில் வழக்கம். பேச்சு வளர்க்க அதைவிட நல்ல இருபது நிமிடம் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) பேப்பரை விரித்து, கீரையை நடுவில் போட்டு, ஒன்றரை வயதுப் பிள்ளையை எதிரே உட்கார வையுங்கள். பக்கத்தில் வேண்டாம், எதிரே. உங்கள் வாய் அசைவதைப் பிள்ளை பார்க்க வேண்டும், பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு கிண்ணம்.

இப்போது செய்வதை நம் நெல்லைப் பேச்சிலேயே சொல்லுங்கள். "எலைய உருவுதேன். உருவியாச்சு. கிண்ணத்துல போடுதேன்." அவ்வளவுதான். நிறுத்துங்கள். பிள்ளை ஒரு கொத்தைப் பிடித்து இழுக்கும். "உருவு, உருவு… வந்துட்டு!" என்று சொல்லி மறுபடி நிறுத்துங்கள். காம்பைக் கிண்ணத்தில் போட்டால் திட்ட வேண்டாம். "இது காம்பு. காம்பு வேண்டாம். வெளிய போடு." ஒரே வேலையில் இலை, காம்பு, உருவு, போடு, உள்ளே, வெளியே, நிறைய, கொஞ்சம், வேண்டாம், தீர்ந்துட்டு என்று பத்துச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சொல்லும் கையில் பிடித்திருக்கிற பொருளோடு வருகிறது. சுவரில் தொங்கும் பழப்படச் சார்ட்டால் இதைச் செய்ய முடியாது. சார்ட்டில் இருக்கிற ஆரஞ்சை உரிக்க முடியாது, உருட்ட முடியாது, ஆச்சிக்கு ஒரு சுளை கொடுக்கவும் முடியாது.

பிள்ளை ஒரு சொல் சொன்னால், அதோடு ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பதுதான் இதில் முக்கியமான நுட்பம்.

பிள்ளை: "எல."
அம்மா: "ஆமா, பச்ச எல."
(மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்.)
பிள்ளை: "பச்ச."
அம்மா: "பச்ச எல. இந்தா, மஞ்ச எல. மஞ்ச எல வேண்டாம்."

இப்படி ஒரு படி மேலே போனால் போதும். பிள்ளை ஒரு சொல்லில் இருந்தால் நீங்கள் இரண்டு, இரண்டில் இருந்தால் மூன்று, நான்கு. "ஆமா கண்ணு, இது முருங்கமரத்து எல, இதச் சாப்பிட்டா ஒடம்புக்கு ரொம்ப நல்லது, நெறய சத்து இருக்கு" என்று கொட்டினால் ஒன்றரை வயதுக்கு அது வெறும் இரைச்சல். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் விட்டுவிடும். அதே நேரம், இலக்கணத்தைப் பிய்த்துப்போட்டு "பாப்பா எல போடு ஆமா எல" என்று தந்தி பாஷையிலும் பேச வேண்டாம். சின்ன வாக்கியமாக இருக்கட்டும், ஆனால் முழு வாக்கியமாக இருக்கட்டும். எலை, எலைய, எலைல என்று ஒரே சொல் வால் மாறி மாறி வருவதைக் கேட்டுத்தான் தமிழ்ப் பிள்ளை வேற்றுமை உருபைப் பிடிக்கிறது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை.

அடைப்புக்குள் போட்ட அந்த ஐந்து எண்ணிக்கைதான் பெரியவர்களுக்குக் கஷ்டமான பகுதி. நமக்குள் பேசும்போது ஒருவர் முடித்த ஒரு நொடிக்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார். ஒரு வயசுப் பிள்ளைக்கு அது போதாது. காதில் விழுந்ததைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, நாக்கையும் உதட்டையும் அந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து நொடி, சில பிள்ளைகளுக்குப் பத்து நொடிகூட ஆகும். அதற்குள் நாமே இன்னொரு கேள்வி கேட்டுவிட்டால், அது தேடிக்கொண்டிருந்த சொல் அப்படியே அமுங்கிப் போகும். காத்திருக்கும்போது முகம் பேசட்டும்: புருவத்தைத் தூக்குங்கள், கொஞ்சம் முன்னால் சாயுங்கள். பிள்ளை "ங்" என்றாலும், கையை நீட்டினாலும், உங்களைப் பார்த்துச் சிரித்தாலும் அது அதன் முறை. அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

இது வெறும் நம்பிக்கையில் சொல்வதல்ல. 2018-ல் அமெரிக்காவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், வீட்டில் பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசிய தடவைகள் கூடக் கூட, கதை கேட்கும்போது மூளையின் மொழிப்பகுதியான புரோகா பகுதி கூடுதலாக வேலை செய்தது தெரிந்தது. பெரியவர்கள் மொத்தம் எத்தனை சொல் பேசினார்கள் என்ற கணக்கைவிட, எத்தனை தடவை பேச்சு கை மாறியது என்ற கணக்குத்தான் அதோடு பொருந்திப்போனது. அதனால் நாள் முழுக்க விடாமல் பேசித் தொண்டை கட்ட வேண்டிய தேவை இல்லை. பத்து நிமிடம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று தடவை, முறை மாறி மாறிப் பேசினால் அது நல்ல நாள்.

காத்திருப்பதற்கும் தராமல் பிடித்து வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. "தண்ணினு சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று செம்பைத் தூக்கிப் பிடிப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். தயவுசெய்து அது வேண்டாம். தாகத்தில் இருக்கிற பிள்ளை சொல் தேடாது, அழும். நாலு நாளில் தண்ணீர் கேட்கும் நேரமே சண்டை நேரமாகிவிடும். "தண்ணி வேணுமா? தண்ணி" என்று ஒரு தடவை சொல்லுங்கள், ஐந்து எண்ணுங்கள், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது இன்னொரு தடவை "இந்தா, தண்ணி." ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தண்ணீர் குடித்தால் அந்தச் சொல் அதன் காதில் இருபத்து நான்கு தடவை விழுந்திருக்கும்.

கேள்விகளைக் குறைக்கச் சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பிள்ளையோடு பேசுவது என்றாலே "இது என்ன? இது என்ன கலர்? மாட்டுக்கு எத்தன காலு?" என்றுதான் நமக்கு வருகிறது. பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். அது பேச்சு இல்லை, பரீட்சை. வீட்டுக்கு மாமா வந்ததும் "மாமாவுக்கு ஏ பி சி டி சொல்லிக்காட்டு" என்று முன்னால் நிறுத்துவதும் அதே வகை. கூச்சப்படும் பிள்ளை அன்றைக்கு முழுதும் வாயைத் திறக்காது. நாலு வாக்கியம் நீங்கள் பார்த்ததையும் செய்வதையும் சொன்னால், ஐந்தாவதாக ஒரு கேள்வி கேட்கலாம். அதுவும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்வியாக இருந்தால் நல்லது. இரண்டு பொருளையும் கையில் காட்டி, "பழம் வேணுமா, முறுக்கு வேணுமா?" விரலை நீட்டினாலும் அது பதில்தான். "பழம்! பழம் தாரேன்" என்று சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிற ஒரு குறை. "அத எடுத்து அங்கன வச்சிட்டு இங்கன வா." வீட்டு வேலைக்கு நடுவே நாம் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால், பாதி வாக்கியங்களில் பெயர்ச்சொல்லே இருக்காது. பெரியவர்களுக்கு அது போதும், கண்ணாலேயே புரிந்துகொள்வோம். பிள்ளையும் உங்கள் கையைப் பார்த்துச் சரியாகச் செய்துவிடும். ஆனால் புதிதாக ஒரு சொல்லும் சேர்ந்திருக்காது. "செம்ப எடு. திண்ணைல வை. ஆச்சிகிட்ட வா" என்று மாற்றுங்கள். முதல் வாரம் "அது, இது, அங்கன" வாயில் வரும்போதெல்லாம் நாக்கைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டாவது வாரம் தானாக வரும். வேறெதுவும் செய்ய நேரமில்லாத வீடுகூட இந்த ஒன்றைச் செய்யலாம், ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகச் செலவாகாது.

வினைச்சொல்லைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பெற்றோர் கற்றுக்கொடுக்க ஆசைப்படுவதெல்லாம் பெயர்கள்: யானை, சிங்கம், ஆப்பிள், நிறங்கள். ஆனால் இரண்டு சொல்லைக் கோத்து வாக்கியம் ஆக்கப் பெரும்பாலும் வினைச்சொல் வேண்டும். யானையும் ஆப்பிளும் சேர்ந்து வாக்கியம் ஆகாது. "பால் ஊத்து", "கதவு தொற" என்றால் ஆகும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில், காதில் தங்கும் இடத்தில் வருகிறது. வினை மட்டுமே முழு வாக்கியமாக நிற்கவும் செய்யும்: "வந்துட்டு." "விழுந்துட்டு." "தரமாட்டேன்." ஆகவே வா, போ, தா, எடு, வை, ஊத்து, மூடு, தொற, ஏறு, இறங்கு, கடி, ஊது, தொடை, தூக்கு போன்ற ஒரு இருபது வினையைத் தினசரி வேலைகளில் வேண்டுமென்றே சேருங்கள். சொல்லும்போது செய்து காட்டுங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், செய்வதற்கு அரை நொடி முந்திச் சொல்லுங்கள். கதவைத் திறந்த பிறகு "தொற" என்றால் பிள்ளையின் கண் அதற்குள் வாசலில் நிற்கும் நாயிடம் போயிருக்கும்.

நெல்லை வினைமுற்றில் மரியாதையும் உட்கார்ந்திருக்கிறது. "பூன வந்துச்சு, அண்ணன் வந்தான், ஆச்சி வந்தாவ." மூன்றும் ஒரே நாளில் காதில் விழுகிற பிள்ளை, யாரை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை யாரும் அதட்டிச் சொல்லாமலே மூன்று வயதுக்குள் பிடிக்க ஆரம்பித்துவிடும்.

குளிப்பாட்டும் நேரத்துக்கு ஒரு விளையாட்டு. செம்பில் தண்ணீரை மொண்டு தலைக்கு மேல் தூக்குங்கள். "ஒண்ணு… ரெண்டு…" நிறுத்திவிடுங்கள். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பார்க்கும். "ஊ" என்றோ "மூ" என்றோ ஏதாவது சத்தம் வரும். உடனே "மூணு!" சடசடவென்று ஊற்றுங்கள். மூன்று நான்கு நாள் இதே மாதிரி செய்த பிறகுதான் பலன் தெரியும், ஏனென்றால் அடுத்து என்ன வரப்போகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால்தான் நிறுத்திய இடத்தை அது நிரப்பும். உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டிலும் இதே சூட்சுமம்தான். அக்குளில் கிச்சுக்கிச்சு வரப்போகிறது என்று தெரிந்த பிள்ளை, நீங்கள் கையை நடுவழியில் நிறுத்தினால் தானே உங்கள் விரலைப் பிடித்து மேலே இழுக்கும். சடசட, சலசல, பொத்துனு, டமார்னு போன்ற ஒலிச்சொற்களும் குளியலறையில் தாராளமாக வரட்டும். சொல்ல எளிது, கேட்கச் சந்தோஷம், பல பிள்ளைகளுக்கு முதல் பத்துச் சொல்லில் இரண்டு மூன்று இந்த வகையாகத்தான் இருக்கும்.

பீடி சுற்றும் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கமெல்லாம் ஆயிரம் பீடிக் கணக்கு முடியும் வரை அம்மாவின் இரண்டு கையும் கண்ணும் தட்டில்தான் இருக்கும். முதலில் தூள் விஷயம்: புகையிலைத் தூள் பிள்ளையின் கைக்கும் மூக்குக்கும் எட்டக்கூடாது. தட்டைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, பிள்ளை காற்று வரும் திசையில் நாலைந்து அடி தள்ளி இருக்கட்டும். எழுந்து பிள்ளையைத் தூக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண் பிள்ளை மேல் இல்லாதபோது பேச்சு எப்படி? உங்கள் வேலையைப் பற்றிப் பேசாதீர்கள், காதால் பிள்ளையின் வேலையைப் பின்தொடருங்கள். போணி (சின்னப் பாத்திரம்) உருளும் சத்தம் கேட்டால் "போணி உருளுதா?" டம்ளர் விழுந்தால் "டமார்! டம்ளர் விழுந்துட்டு." அது ஏதாவது சொன்னால் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டு கட்டி முடித்ததும் தலையை நிமிர்த்தி அரை நிமிடம் முகம் பார்த்துப் பேசுங்கள். ஒரு மணி நேரத்தில் நாலைந்து அரை நிமிடம் சேர்ந்தாலும் அது உண்மையான பேச்சு. வேலை நேரம் முழுதும் சீரியல் ஓடுவதைத்தான் யோசிக்க வேண்டும். பின்னணியில் டிவி சத்தம் கேட்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிள்ளையின் காதில் விழும் பெரியவர் பேச்சு 770 சொல் குறைந்திருந்தது என்று 2009-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. யாரும் அந்த டிவியைப் பார்க்காவிட்டாலும் சத்தம் சத்தம்தான். பிடித்த ஒரு சீரியலுக்குப் போட்டுவிட்டு, முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

வளவிலும் (ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல வீடுகள் இருக்கும் இடம்) கூட்டுக் குடும்பத்திலும் பேச ஆள் நிறைய இருப்பார்கள், அது பெரிய கொடுப்பினை. ஆனால் ஒரு சிக்கலும் வரும். பிள்ளை வாயைத் திறக்குமுன் ஆச்சி சொல்லிவிடுவாள்: "அவனுக்குத் தண்ணி வேணுமாம்." அக்கா சொல்லிவிடுவாள்: "அவ பொம்ம கேக்கா." அன்புதான், ஆனால் பிள்ளைக்குப் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. ஆச்சியிடம் "பேசாதிய" என்று சொன்னால் மனசு சங்கடப்படும். அதற்குப் பதிலாக ஒரு வேலையைக் கொடுங்கள்: "ஆச்சி, அவன் என்ன சொல்லுதாம்னு நீங்க அஞ்சு எண்ணிட்டு எங்கிட்டச் சொல்லுங்க." எண்ணிக்கொண்டிருக்கும்போது ஆச்சியால் குறுக்கே பேச முடியாது. மூத்த பிள்ளைக்கு இதே வேலையை விளையாட்டாகக் கொடுக்கலாம். கதை, பழமொழி, சொலவடை எல்லாம் ஆச்சியிடம் இருக்கும் சொத்து. இரண்டரை வயதுக்கு மேல் அது அப்படியே பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

பிள்ளை தப்பாகச் சொல்லும்போது வளவே சிரிக்கும், திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லும். அதை நிறுத்துங்கள். "பயம்" என்று பிள்ளை வாழைப்பழத்தைக் காட்டினால் "பயம் இல்ல, பழம், சொல்லு, ப-ழ-ம்" என்று பிடிக்க வேண்டாம். "ஆமா, பழம்! பழம் உரிக்கேன்" என்று சரியான ஒலியைக் கொடுத்துவிட்டு மேலே போய்விடுங்கள். ர, ற, ழ, ச ஒலிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாமதமாகத்தான் நேராகும், மூன்று வயதுக்குள் எதிர்பார்ப்பது தவறு. அதிலும் ழகரத்தை நாமே பாதிப்பேர் "வாளப்பளம்" என்றுதான் சொல்கிறோம். பிள்ளை கேட்டதைத்தான் சொல்கிறது, அது பேச்சுக் குறைபாடு ஆகாது. மம்மு, பாச்சி, தாச்சி, டாட்டா போன்ற மழலைச் சொற்களுக்கும் பயப்படத் தேவையில்லை. இரட்டிக்கும் எளிய ஒலிகள் சீக்கிரம் பிடிபடும், முதல் படிக்கட்டுக்கு நல்லவை. ஒன்றரை வயதுக்கு மேல் பக்கத்திலேயே பெரியவர் சொல்லையும் வையுங்கள்: "மம்மு வேணுமா? சோறு சாப்பிடுவோம்." பழையது தானாக உதிரும்.

எந்த மொழியில் பேசுவது? உங்களுக்குக் கோபம் வரும்போதும் கொஞ்சும்போதும் எந்த மொழி வருகிறதோ அதில். நெல்லை வீட்டில் அது நெல்லைத் தமிழ். "ஏட்டி இங்க வா", "பைய நட", "வெரசா வா", "பல்லாரி கொண்டா" என்று வீட்டில் எப்படிப் பேசுவோமோ அப்படியே பேசுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனால் கிண்டல் பண்ணுவார்கள் என்று வட்டாரப் பேச்சை மறைக்க வேண்டாம். எழுத்துத் தமிழைப் பிள்ளை பின்னால் படித்துக்கொள்ளும். இரண்டு மொழி கேட்டு வளர்ந்தால் பேச்சு தாமதமாகும் என்பது உண்மையில்லை. வீட்டில் ஒருவருக்கு ஆங்கிலமோ மலையாளமோ சரளமாக வருமென்றால் அவர் அதில் பேசட்டும். ஆனால் சரளமாக வராத ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட், வாட்டர் டிரிங்க்" என்று நாலு சொல்லை வைத்துக்கொண்டு வளர்த்தால் பிள்ளைக்குக் கிடைப்பது அந்த நாலு சொல்தான். ஏன், எப்படி, அதனால, இல்லாட்டா என்று காரணம் பேசவும் கதை சொல்லவும் கோபத்தை ஆற்றவும் நம்மிடம் அந்த மொழியில் சரக்கு இருக்காது. அந்தச் செழிப்பு தமிழில் வீட்டிலேயே கிடக்கிறது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

போனைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு: இரண்டு வயதுக்குள் திரை பரிந்துரைக்கப்படவில்லை, அதன் பிறகு நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. யூடியூப் பாட்டிலிருந்து பிள்ளை நிறையச் சொல் கற்றுக்கொள்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2003-ல் பாட்ரீசியா கூல் குழு அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்க வைத்தது. நேரில் ஆள் உட்கார்ந்து பேசி விளையாடிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்தார்கள். அதே ஆட்கள் பேசியதை வீடியோவில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. திரை, பிள்ளை சொல்வதற்குக் காத்திருப்பதில்லை, பிள்ளை பார்க்கும் பக்கம் திரும்புவதும் இல்லை. சவூதியிலோ துபாயிலோ இருக்கிற அப்பாவோடு வீடியோ காலில் பேசுவது இதில் சேராது, அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறார். அப்பா "சாப்டியா?" என்று கேட்டு நிறுத்துவதைவிட, பிள்ளை கையில் இருக்கும் பொருளைப் பார்த்துப் பேசினால் அந்த ஐந்து நிமிடமும் உயிரோடு இருக்கும்.

போன் பார்த்தே சாப்பிடும் பிள்ளைக்கு ஒரே நாளில் மூன்று வேளையும் நிறுத்தினால் வீடு ரெண்டுபடும், மூன்றாம் நாள் போன் திரும்பி வந்துவிடும். காலைச் சாப்பாட்டில் மட்டும் தொடங்குங்கள், ஏனென்றால் அப்போது பசி அதிகம். தட்டில் கொஞ்சமாக வைத்து, பிள்ளையின் கையிலும் ஒரு துண்டு இட்லி கொடுத்து, "ஆச்சிக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய்" என்று ஆரம்பியுங்கள். மூன்று நான்கு நாள் குறைவாகத்தான் சாப்பிடும். நல்ல எடையுள்ள, உடம்புக்கு ஒன்றுமில்லாத பிள்ளைக்கு அதனால் பாதகமில்லை. ஒரு வாரம் கழித்து மதியம், அடுத்த வாரம் ராத்திரி.

இரண்டரை வயதை நெருங்கும் பிள்ளையோடு இரவில் படுக்கும்போது அன்றைய நாளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். "காலைல எங்க போனோம்? ஆத்துக்குப் போனோம். படித்துறைல குத்த வச்சோம். பொறவு கொக்கு வந்துச்சு. மீனப் புடிச்சுட்டுப் பறந்துட்டு." கண் முன்னால் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுவது கதை சொல்வதற்கும் பின்னாளில் படித்துப் புரிந்துகொள்வதற்கும் முதல் பயிற்சி. நீங்கள் வேண்டுமென்றே ஒரு இடத்தில் தப்பாகச் சொல்லலாம்: "கொக்கு இட்லி தின்னுச்சு." "இல்ல, மீனு!" என்று திருத்துகிற சந்தோஷத்திலேயே பிள்ளை மூன்று சொல் கூடுதலாகப் பேசும்.

எந்த வயதில் எவ்வளவு என்று கேட்பீர்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் திருத்திய பட்டியல், நான்கில் மூன்று பிள்ளைகளாவது செய்வதைக் கணக்கில் வைத்தது. 15 மாதத்தில் அம்மா, அப்பா தவிர ஒன்றிரண்டு சொல் முயற்சி. 18 மாதத்தில் மூன்றோ அதற்கு மேலோ. 24 மாதத்தில் இரண்டு சொல் சேர்த்து. 30 மாதத்தில் சுமார் 50 சொல். மூன்று வயதில் பெரும்பாலும் வெளியாளுக்கும் புரியும்படி. பேச்சுப் பயிற்சியாளர்கள் பலர் 24 மாதத்திலேயே 50 சொல் என்ற அளவையும் பார்ப்பார்கள். எண்ணுவதற்குச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் கிழித்த தாள் போதும், பின்பக்கத்தில் எழுதுங்கள். எது சொல்? யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாக, ஒரே பொருளுக்கு ஒரே ஒலியை எப்போதும் சொன்னால் அது சொல். பசுவுக்கு "ம்மா" கணக்கில் வரும். தண்ணீருக்கு "தீ" என்று எப்போதும் சொன்னால் அதுவும் வரும். நீங்கள் சொன்னதை அந்த நிமிடம் திருப்பிச் சொன்னது வராது. எந்தச் சொல்லை எந்தத் தேதியில் தானாகச் சொன்னது என்று வாரம் ஒரு தடவை குறித்தால் போதும்.

பேச்சு தாமதமானால் நாக்கில் வசம்பைத் தேய்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்கு நச்சுத்தன்மை உண்டு என்று விலங்குச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பேச்சுக்கு நாக்கு மட்டும் காரணமும் இல்லை. நாக்கு ஒட்டியிருப்பது சில ஒலிகளைத் தடுக்கலாம், சொல்லே வராமல் தடுப்பது அபூர்வம். "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்" என்பதில் ஒன்றிரண்டு மாத வித்தியாசம் அளவுக்குத்தான் உண்மை இருக்கிறது. அதை நம்பி ஒரு வருடம் காத்திருக்க முடியாது.

காத்திருக்கவே கூடாதவை இவை: ஒரு வயதிலும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, மழலை ஒலியே இல்லாதது; ஒன்றரை வயதிலும் விரல் நீட்டி எதையும் காட்டாதது; இரண்டு வயதிலும் இரண்டு சொல் சேராதது. எந்த வயதிலும் சொல்லிக்கொண்டிருந்த சொல் காணாமல் போனால் அந்த வாரமே போக வேண்டும். முதலில் காது. சத்தமாகத் தட்டினால் திரும்புகிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பகுதி மட்டும் கேட்கிற பிள்ளையும் தட்டும் சத்தத்துக்குத் திரும்பும், பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள்தான் விழாது. பிறந்தபோது சோதனையில் தேறியிருந்தாலும் பிறகு கேட்கும் திறன் குறையலாம், சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலும் குறையலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் பிறவிக் காதுக் குறைபாடு சற்று அதிகம், அங்கே சந்தேகம் வந்த உடனே பார்ப்பது நல்லது.

அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிச் சீட்டு வாங்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு நேராகவும் போகலாம். காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., பெரா என்ற இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். இரண்டுக்கும் பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்லை, பெராவுக்குத் தூங்கினாலே போதும். ஆகவே அன்று காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் பஸ்ஸில் தூங்கவிடாமல் கொண்டுபோனால் அங்கே போய்த் தூங்கும். காது கேட்கும் கருவி போதாத பிள்ளைகளுக்குக் காக்ளியர் அறுவைச் சிகிச்சை (உள்காதில் கருவி பொருத்துவது), ஆறு வயதுக்குள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. எவ்வளவு சின்ன வயதில் செய்கிறோமோ அவ்வளவு பேச்சு வரும்.

போகும்போது அந்தக் காலண்டர் தாள்களையும் கையோடு எடுத்துப் போங்கள். "பேசவே மாட்டேங்குது" என்று சொன்னால் டாக்டருக்கு அதிலிருந்து அதிகம் தெரியாது. எந்த மாதம் எத்தனை சொல், எது வந்தது, எது நின்றது, யார் கூப்பிட்டால் திரும்பும் என்று எழுதியிருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே அவருக்குப் பாதி விஷயம் கிடைத்துவிடும்.